மூன்றாவது வரிசை

வேல்விழி எழுதியிருந்தது இரண்டே வரிசைகள். கணினி மூன்று என்று காட்டியது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் படிந்திருந்த வெள்ளை மண்தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மூன்றுதான். சூளையின் வாய்ப்பக்கம் ஒன்று, கடைசிப் பக்கம் ஒன்று என்று வெப்பத்தை அளக்கும் கருவிகள் இரண்டு இருந்தன. ஒவ்வொரு கருவியோடும் பேசக் கணினிக்கு ஒரு முகவரி வேண்டும். அந்த இரண்டு முகவரிகளையும் அவள்தான் தன் கையால் தட்டினாள். மூன்றாவதாக எதையும் தட்டவில்லை.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பீங்கான் கம்பெனியில் ஆள் நடமாட்டம் இல்லை. ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் படுத்துக் கிடக்கும் அந்தச் சுரங்கச் சூளை, இரவும் பகலும் எரிந்தபடியே இருந்தது; வளைவுச் செங்கல் சரிந்து, உள்ளே பீங்கான் ஏற்றிப்போகும் வண்டி தடம் புரண்டதால் போன வாரம்தான் அதை அணைத்தார்கள். பர்னரின் இரைச்சலும் காற்றாடிகளின் உறுமலும் எந்நேரமும் நிறைந்திருந்த இடத்தில் இப்போது சத்தமே இல்லை. சூளையை ஒட்டிய கண்ணாடித் தடுப்பு அறையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் வளையல் மேசையில் உரசுவதே உரக்கக் கேட்டது. எண்ணெய்க் கருகலும் நனைந்த களிமண்ணும் கலந்த வாடை, தகரக் கூரையில் விட்டுவிட்டு விழும் தூறல், மதியம் மூன்று மணிக்கே மாலை போல் இருட்டிக்கொண்டு வந்த ஐப்பசி வானம்.

முதலாளி அருளானந்தத்துக்கு அவசரம். நாளைக்கே சூளையைப் பற்றவைக்க வேண்டும் என்றார். அதற்குள் பழைய கணினியைத் தூக்கிவிட்டுப் புதியது வேலை செய்ய வேண்டும். விண்டோஸுக்குப் பணம் கட்ட மாட்டார். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, கருவிகளோடு இணைப்பை அவளே கோட் எழுதி உண்டாக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவள், ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டரில் உட்கார்ந்து தேடித் தேடி நேற்றோடு பாதி முடித்திருந்தாள்.

வேலை பெட்டிக்குள் பெட்டி அடுக்குவது போலத்தான். இணைப்புக்கான விவரமெல்லாம் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் பிரிவுகள், ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. முகவரிப் பிரிவைத் திறந்தால் உள்ளே வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று எண்கள். எண்ணை அப்படியே போட்டால் ஏற்காது, அது என்ன வகை எண் என்றும் சொல்லித் தர வேண்டும். அடியில் எங்கோ ஒன்றின் வகை பிசகினாலும் கணினி முழுப் பெட்டியையும் திருப்பித் தள்ளிவிடும். எது தப்பு என்று சொல்லாது. வகை பொருந்தவில்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

வேல்விழிக்கு அந்தப் பேச்சு பழகிப்போனதுதான். மூன்று வருஷமாக ஊரே அவளிடம் அப்படித்தான் பேசியது. எது தப்பு என்று சொல்லாமல்.

அவள் புருஷன் அறிவழகன் இதே சூளையில் கருவிகளைப் பார்த்துக்கொண்டவன். போன தடவை சூளையைப் பழுது பார்த்துப் பற்றவைத்த அன்று காலையில், "போயிட்டு வரேன் வேலு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறியவன் திரும்பி வரவில்லை. மதியமே வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான் என்றார்கள் கம்பெனியில். பேக்கிங் செக்ஷன் கிரேசியும் அந்த வாரம்தான் வேலையை விட்டு நின்றாள். பெங்களூரில் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததாக யாரோ சொன்னதாக முதலாளி சொன்னார். சொல்லிவிட்டு, பாவம் பார்த்து அவளுக்கு ஆபீசில் வேலையும் கொடுத்தார். மாமியார் பெரியம்மாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து வாசலிலேயே நின்று, "புருசன வூட்டுல வெச்சிக்கத் தெரியாதவ" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

வேல்விழியும் சும்மா இருக்கவில்லை. கிரேசியின் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினாள். அந்தப் பெண்ணின் அம்மா கதவைக்கூடத் திறக்காமல் உள்ளேயே அழுதாள். ஒரு வருஷம் கழித்துக் கிரேசியைச் சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டில் பார்த்தாள். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் புருஷன். அது அறிவழகன் இல்லை. மீசை நரைத்த வேறு யாரோ. பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேல்விழி ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டுவிட்டால் கோபம் போய்விடும். கோபம் போய்விட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் மூன்றாவது வரிசையை அழித்துவிட்டு, எழுதிய கோட் முழுவதையும் ஓடவிட்டாள்.

வகை பொருந்தவில்லை.

உள்ளே இருப்பதை அச்சிட்டுப் பார்த்தாள். மூன்று வரிசைகள்.

பழைய அமைப்பு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சேமித்து வைத்திருந்த இணைப்புகளை எல்லாம் அழித்தாள். கணினியை அணைத்து மறுபடி போட்டாள். அது விழித்து எழும் வரை கண்ணாடி வழியாகச் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுப்பக்கத்துச் சுவரில், ஆள் குனிந்து நுழையுமளவு இருந்த பழைய பழுதுவாசல் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அதற்குச் சற்று மேலே ஒரு துளை. நடுச்சூளையின் வெப்பத்தை அளக்கும் மூன்றாவது கருவி, அறிவழகன் வேலை பார்த்த காலத்தில் அங்கேதான் இருந்ததாம். அவள் வேலைக்கு வந்ததிலிருந்து அது வேலை செய்து பார்த்ததில்லை.

மூன்று வரிசைகள்.

இந்தத் தடவை ஒவ்வொன்றின் வகையையும் தனித்தனியாகக் கேட்டாள். முதல் வரிசையில் எண், எண், எண். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது வரிசையில் எண்ணே இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி. கணினி தள்ளிவிடுவது அதனால்தான். காரணம் பிடிபட்டதும் அவளுக்கு மனசு கொஞ்சம் லேசானது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

அந்தப் பெட்டியைத் திறக்க ஒரு வரி எழுதி என்டரைத் தட்டினாள்.

உள்ளே இன்னொரு பெட்டி.

டொக்.

சத்தம் சூளைப் பக்கமிருந்து வந்தது. செங்கல்லோடு செங்கல் மோதுகிற சத்தம். சூடு இறங்கும்போது சூளை அப்படித்தான் முனகும், கல் சுருங்கும், அவளுக்குத் தெரியும். ஆனால் அது ஆறி இரண்டு நாளாயிற்று. காலையில் அவளே வெளிச்சுவரில் கை வைத்துப் பார்த்தாள். கிணற்றடிக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது.

செல்போன் அடித்தது. அருளானந்தம்.

"என்னம்மா வேல்விழி, முடிஞ்சுதா இல்லியா?"

"இல்ல சார். ஒரு எடத்துல நிக்கிது. மூணாவதா ஒரு முகவரி தானா வந்து ஒக்காந்துக்குது. நடுவுல இருந்த கருவியோட பழைய கனெக்சன் எதாவது இருக்குதா சார்?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"நடுவுல கருவி இருந்திச்சின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுவாங்களே சார். செவுத்துல ஓட்டை இருக்குது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ரெண்ட மட்டும் போட்டு முடிச்சிட்டு வூட்டுக்குக் கெளம்பு. நாளைக்குக் கொத்தனாருங்க வளைவ மட்டும் பூசிட்டு வெளிய வந்துருவாங்க. நடு வாசல யாரும் தொற‌க்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்." ஒரு நொடி மூச்சு வாங்கினார். "நீயும் அந்தப் பக்கம் போவாத. புரியுதா?"

"ஏன் சார்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மூன்று வருஷத்தில் அவர் எத்தனையோ சொல்லியிருக்கிறார். ஏதோ தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டாள். போலீசுக்குப் போனால் உனக்குத்தான் அவமானம் என்றார், போகவில்லை. அந்தப் பக்கம் போகாதே என்று இதுவரை சொன்னதில்லை. கேட்டில் காவலுக்கு இருக்கும் சாமிதுரை ஞாபகத்துக்கு வந்தார். காலையில் சாவி கொடுக்க வந்தவர் ஷெட் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே வந்து விளக்கைப் போட்டுக் கொடுங்க என்றதற்கு, "நீயே போட்டுக்கம்மா, நான் அதுக்குள்ள வர்றதில்ல" என்று மண்ணைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

திறந்தாள். உள்ளே பெட்டி.

டொக்.

மறுபடி திறந்தாள். பெட்டி.

டொக்.

அவள் என்டரைத் தட்டினால்தான் சத்தம் வந்தது. தட்டாமல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தூறல் மட்டும். கூரையிலிருந்து எங்கோ ஒழுகிச் சொட்டும் நீர். தட்டினாள். டொக். முன்பு சூளையின் அடிவயிற்றிலிருந்து வந்த மாதிரி இருந்தது, இப்போது சுவரை ஒட்டி வருகிறது. யாரோ உள்ளேயிருந்து ஒவ்வொரு கல்லாக நகர்த்திக்கொண்டு வருகிற மாதிரி. எழுந்து போய்விடு என்று உடம்பு சொன்னது. கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. ஆனால் கை தட்டியது. இத்தனை வருஷம் யாருமே திறந்து காட்டாத ஒன்று இன்றைக்குத் தனக்காகத் திறந்துகொடுக்கிறது, பாதியில் விட்டுவிட்டுப் போனால் இனி எப்போதும் திறக்காது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

பெட்டி. பெட்டி. பெட்டி.

கடைசியில் ஒரு எண்.

பெரிய, நீளமான, வெறும் எண். முகவரியை இந்தக் கணினி அப்படித்தான் ஒரே எண்ணாகப் பின்னி வைத்துக்கொள்ளும். அதை நான்கு துண்டாக வெட்டித் தலைகீழாகத் திருப்பினால் முகவரி வரும். திருப்பினாள். வாய்ப்பக்கக் கருவிக்கும் கடைசிப்பக்கக் கருவிக்கும் கொடுத்த எண்களுக்கு நடுவில் பொருந்தும் எண்.

அந்த முகவரியைக் கூப்பிட்டாள். இல்லாத கருவி பதில் சொல்லாது, சொல்லக் கூடாது.

பதில் வந்தது.

வெப்பநிலையைக் கேட்டாள். திரையில் மூன்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. வாய்ப்பக்கம் இருபத்தாறு. கடைசிப்பக்கம் இருபத்தாறு. நடுவில் முப்பத்தேழு.

மனுஷ உடம்பின் சூடு.

அந்த முப்பத்தேழு நிலையாக நிற்கவில்லை. துளி ஏறியது, துளி இறங்கியது. ஏறியது, இறங்கியது. வேல்விழி தன்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அது தெரிந்ததும் மூச்சைப் பிடித்து நிறுத்தினாள்.

எண்ணும் நின்றது.

அவள் அறையை விட்டு வெளியே வந்தபோது நேரே கேட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே சூளையின் நடுப்பக்கம் வந்து நின்றாள். துளையிலிருந்து பழைய ஒயர் ஒன்று தொங்கியது. அதன் முனை வெட்டப்பட்டிருந்தது. எதோடும் சேரவில்லை. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அடைத்த வாசலில் கை வைத்தாள். அதுவும் வெதுவெதுப்பு.

"நீங்களா?" என்றாள்.

தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது. அவனை அவள் மனசுக்குள் நீங்க என்று சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. ராத்திரியானால் அவனைத் திட்டாமல் அவள் தூங்கியதில்லை. எங்கேயாவது வண்டியில் அடிபட்டுச் சாகட்டும் என்றிருக்கிறாள். நெருப்பில் வேகட்டும் என்றிருக்கிறாள். வாய்விட்டு, விளக்கேற்றிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு.

வண்டிகளைத் தள்ளும் கம்பி தரையில் கிடந்தது. எடுத்தாள். களிமண் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு கல் கழன்றது, இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. கைத்தோல் உரிந்து எரிந்தது. குனிந்து நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே தவழ்ந்தாள். ஆள் ஒருவர் முட்டி போட்டு உட்காருமளவு இடம். எதிரே இரண்டாவது சுவர். உள்சுவர். மூன்று வருஷத்து நெருப்பில் அதன் செங்கல்கள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடி மாதிரி மினுங்கின.

அதில் ஒரு கல் மட்டும் தளர்ந்திருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. அது தானாக அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ தள்ளினார்கள். மெதுவாக. கல் நழுவி அவள் மடியருகே விழுந்தது.

டொக்.

துளையின் வழியே ஒரு கை வந்தது. இடது கை. வெள்ளை வெளேரென்று, கம்பெனியில் செய்யும் பீங்கான் கப்புகளின் மேல் இருக்குமே அந்த மெருகோடு, வழவழவென்று. நகம் இருந்த இடமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. நான்கு விரல்களும் உருகி ஒன்றாகியிருந்தன, கட்டைவிரல் மட்டும் தனியே. மணிக்கட்டில் மெருகு மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்கு அடியில் சிவப்பாக ஏதோ ஏறி இறங்கியது.

அவளுக்குக் கத்த வரவில்லை. வந்தது அழுகைதான்.

"ஓடிப்போயிட்டீங்கன்னு சொன்னாங்க," என்றாள். "நானும் நம்பிட்டேங்க. நம்புறது எனக்கு சுளுவா இருந்திச்சி."

கை அவள் முகத்தைத் தேடியது. கன்னத்தைத் தொட்டது. கதகதப்பாக இருந்தது. கண்ணீர் அதன் மெருகில் ஒட்டாமல் உருண்டோடியது. பிறகு இறங்கி அவள் கையைத் தேடிப் பிடித்தது. இறுக்கமாக இல்லை. பிரியமாகத்தான் பிடித்தது.

"வெளிய வாங்க," என்றாள் வேல்விழி. "ஆளக் கூப்பிடறேன். எல்லாத்தையும் இடிக்கச் சொல்றேன். போலீசு வரட்டும். வாங்க."

அவள் எழப் பார்த்தாள். கை விடவில்லை. கொஞ்சம் இழுத்தாள். பீங்கானை இழுக்க முடியுமா. கட்டைவிரல் அவள் மணிக்கட்டைச் சுற்றி வந்து மடங்கிப் பூட்டிக்கொண்டது.

"விடுங்க. வலிக்குது."

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஈரக் களிமண்ணைத் தரையிலிருந்து வழித்து எடுக்கிற சத்தம். அதைக் கல்லில் அப்பித் தட்டுகிற சத்தம்.

சாமிதுரை என்று நினைத்தாள். முதலாளி என்று நினைத்தாள். யாராவது ஒரு மனுஷன் என்று நினைத்தாள். அப்படி இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

கழுத்தை மட்டும் திருப்பினாள்.

அவள் உண்டாக்கிய வழி பாதியாகியிருந்தது. கீழே இரண்டு வரிசைக் கல் ஏறியிருந்தது, நூல் பிடித்த மாதிரி நேராக. மிச்ச இடைவெளியில் மழை மாலையின் சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு கை நீண்டு, மூன்றாவது வரிசைக்கு முதல் கல்லை வைத்தது. முழங்கை வரை வெள்ளை. மெருகு. நான்கு விரல்களும் ஒன்றாக உருகிய வலது கை.

இடது கை உள்ளேயிருந்து அவளைப் பிடித்திருந்தது.

வலது கை வெளியேயிருந்து அவசரமே இல்லாமல் அடுத்த கல்லை எடுத்து, களிமண் பூசி, வைத்துத் தட்டியது.